பின்னறைச் சுடுதண்ணீர்த் தொட்டி

ஜூலை 8, செவ்வாய்

தொட்டி நின்றுபோய்விட்டது. காலையில் சுவிட்சைப் போட்டதும் ஒரு முனகல், பிறகு ஒரு கமறல், அவ்வளவுதான். தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே கிடந்தது.

என் பெண்டாட்டி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னறைக் கதவருகே நின்றாள். ஆறு வருஷமாக மூட்டு வாதம். தூங்கி எழுந்தால் பத்து விரலும் இறுகிப்போயிருக்கும். அரை மணி நேரம் கழுத்துவரை சுடுதண்ணீரில் கிடந்தால்தான் கை அவள் சொன்னபடி கேட்கும். பிறகு தானே பொத்தான் போட்டுக்கொள்வாள், தானே தலை வாரிக்கொள்வாள், அன்றைக்கு முழுக்க என்னை ஒன்றுக்கும் கூப்பிட மாட்டாள். இன்றைக்குப் பொத்தானை நான் போட்டுவிட்டேன். ஒரு துளை மாறிவிட்டது. மதியம் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அரை நாள் இப்படியேவா திரிஞ்சேன்!" என்றாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பேசாம ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்."

யாரிடம் சொல்கிறாள் பாருங்கள். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனிடம். பதினாலு மாடிக்கு ஆளை ஏற்றி இறக்கினவனுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி தெரியாதா?

ஜூலை 9, புதன்

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே பஞ்சு மாதிரி அடைத்திருந்ததெல்லாம் ஊறிச் சொதசொதவென்று கிடந்தது. அதற்கு நடுவில் எறும்புப் புற்று. சொந்த வீடு கட்டிக் குடித்தனமே நடத்தியிருக்கின்றன. கையை விட்டதும் முழங்கைவரை ஏறிவிட்டன. நான் போட்ட கூச்சலில் அவள் ஓடிவந்து பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் ஆளைக் கூப்பிடுங்கன்னேன்" என்றாள். எறும்புக்கு எந்த ஆளைக் கூப்பிடுவது?

கோளாறு பம்ப்பில். கசிவைத் தடுக்கிற ரப்பர் சீல் கிழிந்து, தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கியிருக்கிறது.

இந்தத் தொட்டி என் மச்சினன் கொடுத்தது. அவளுடைய தம்பி. லாட்ஜ் நடத்துகிறான். நாலு வருஷத்துக்கு முன்னால் மாடி அறைகளைப் புதுப்பித்தபோது கழற்றியதை, "அக்காவுக்கு ஆகும்" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டான். "தொட்டின்னு சொல்லாதீங்க அத்தான், ஹாட் டப்" என்று எனக்குப் பாடம் வேறு. அவனால்தான் அவள் விரலுக்கு உயிர் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு நாள் காலையிலும் அவன் தயவில் என் பெண்டாட்டி பொத்தான் போடுகிறாள் என்பது எனக்கு உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருக்கும். இதை யாரிடம் சொல்ல முடியும்? இங்கே எழுதலாம்.

ஜூலை 10, வியாழன்

சீல் தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றிலும் இல்லை.

ஜூலை 12, சனி

சீல் கிடைத்தது. போட்டேன். தண்ணீர் நிரப்பினேன். நிரம்பட்டும் என்று போய்க் கொஞ்சம் கண்ணசந்தேன்.

வடிகால் குழாயை மூட மறந்திருக்கிறேன். மேலே ஊற்ற ஊற்றக் கீழே போயிருக்கிறது. பின்னறை நிரம்பி, நடை நிரம்பி, கூடத்தில் அலமாரிக்கு அடியில் புகுந்துவிட்டது. அவளுடைய பழைய ஆல்பங்கள் கீழ்த்தட்டில் இருந்தன. கல்யாணப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் முகம் உரிந்து வருகிறது.

அவள் நடையில் வந்து வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணுக்கால்வரை தண்ணீர். குனிந்து பார்த்துவிட்டுத்தான், "ஐயோ, தண்ணி! கால் நனைஞ்சதே எனக்குத் தெரியலீங்க" என்றாள்.

சர்க்கரை வந்ததிலிருந்து பாதம் மரத்துக்கொண்டே வருகிறது. போன மாதம் தெருவில் ஒரு செருப்பு கழன்றுவிட்டது, அவள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். பின்னால் வந்தவர் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். அன்று இரண்டு பேரும் சிரித்தோம்.

நாலு மணி நேரம் தண்ணீரை இறைத்தேன். முதுகு விட்டுப்போயிற்று. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

தகட்டை மாட்டும்போது விளிம்பு வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. நாலு தையல். கை முழுக்கக் கட்டு, தண்ணீரே படக்கூடாதாம். ஒரு கை மெக்கானிக் ஆகிவிட்டேன்.

மகள் போனில் பேசினாள். "அப்பா, உங்க வீராப்புக்கு அம்மா ஏன் கஷ்டப்படணும்?" என்றாள். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அம்மாவும் பெண்ணும் ஒரே கட்சி.

இடது கையால் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். வகிடு கோணல். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். அதுக்குள்ள சரியாகலைன்னா தம்பி லாட்ஜுக்குப் போயிடறேன். அங்க எந்நேரமும் சுடுதண்ணி வருது" என்றாள்.

"எத்தனை நாளைக்கு?"

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

போனால் வரமாட்டாள். எனக்குத் தெரியும். அங்கே அவளுக்குத் தனி அறை, அழைத்த குரலுக்கு ஆள், தம்பி பெண்டாட்டியோடு பேச்சுத்துணை. இங்கே என்ன இருக்கிறது? நானும், எதற்கெடுத்தாலும் என் சிடுசிடுப்பும்.

ஜூலை 15, செவ்வாய்

மோட்டார் ஓடுகிறது! காதை வைத்துக் கேட்டேன், சத்தம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஹீட்டர் ஐந்து நிமிஷம் ஓடி நின்றுவிடுகிறது. மறுபடி போட்டால் மறுபடி ஐந்து நிமிஷம். சூடு மிஞ்சிப்போனால் கரண்ட்டை நிறுத்துகிற பாதுகாப்பு சுவிட்ச் ஒன்று உண்டு. தண்ணீர் சூடாவதற்கு முன்னாலேயே அது நிறுத்திவிடுகிறது என்று சந்தேகம். நாளைக்குப் பார்த்துவிடுகிறேன்.

ஜூலை 16, புதன்

சரியாகிவிட்டது!! வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

விவரமாக எழுதுகிறேன், என் சந்தோஷத்துக்கு. சூட்டை அளக்கிற கம்பியை அதன் குழியிலிருந்து உருவித் துடைத்தேன். உப்புப் படிந்திருந்தது. பாதுகாப்பு சுவிட்சுக்கு ஒரு ஜம்பர் போட்டேன். ஜம்பர் என்றால் வேறொன்றுமில்லை, சுவிட்சின் இரண்டு முனையையும் சேர்க்கிற ஒரு சாண் ஒயர். சுவிட்ச் இருக்கும், ஆனால் வேலை செய்யாது. பழுது சுவிட்சிலா வேறெங்குமா என்று கண்டுபிடிக்க அதுதான் வழி. லிஃப்டிலும் அப்படித்தான் செய்வோம். சோதித்து முடித்ததும் ஒயரை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் ஓடும். ஆளைக் கொல்லும்.

அதற்காக எங்கள் பிரிவில் ஒரு வழக்கம். ஜம்பர் போடுகிறவன் இடது மணிக்கட்டில் சிவப்பு நாடா கட்டிக்கொள்ள வேண்டும். ஒயரைக் கழற்றாமல் நாடாவைக் கழற்றக் கூடாது. நான் மேற்பார்வையாளரான பிறகு இதில் யாருக்கும் தயவு பார்த்ததில்லை. நாடா கட்டாமல் ஜம்பர் போட்ட ஒருவனை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன். அவன் அழுதான். உத்தரவில் போட்ட கையெழுத்தை நான் மாற்றவில்லை.

இன்றைக்கும் பழக்க தோஷம், கருவிப் பெட்டியிலிருந்து நாடாவை எடுத்துக் கட்டிக்கொண்டுதான் ஒயரைப் போட்டேன். ஹீட்டர் நிற்கவே இல்லை. ஐந்து நிமிஷம், பத்து, அரை மணி. கால் தரையில் பாவவில்லை எனக்கு. அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்து சேர்ந்தான், அக்காவைப் பார்க்க. பையில் அவளுக்குப் பழம். என் தலையைக் கண்டதும், "என்ன அத்தான், இன்னும் அது உங்களைப் பழுதுபார்த்துக்கிட்டுத்தான் இருக்கா?" என்றான்.

தண்ணீரில் கையை விட்டுப் பார்த்து அசந்துபோய்விட்டான். "அட! வெதுவெதுன்னு இருக்கே. கில்லாடி அத்தான் நீங்க!" இந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்க முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. அவளும் எட்டிப் பார்த்து, "நிஜமாவா?" என்றாள். முகத்தில் ஒரு வாரமாக இல்லாத வெளிச்சம்.

தகட்டை மூடி, மூடியைப் போட்டுவிட்டேன். நாளைக் காலையில் அவள் இறங்கலாம்.

ஜூலை 17, வியாழன்

மருத்துவமனை. மூன்றாவது மாடி. எழுத ஒன்றும் வரவில்லை.

ஜூலை 18, வெள்ளி

எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

நேற்றுக் காலை ஆறரை. நான்தான் மூடியைத் திறந்தேன். ஆவி மளமளவென்று ஏறிற்று. குளிர் காலை, ஜன்னல் வேறு திறந்திருந்தது. ஆவியைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். சூடு காட்டுகிற திரையில் எண்ணைப் பார்த்தேன். முப்பத்தாறு டிகிரி. அவளுக்கு எப்போதும் முப்பத்தெட்டு.

அவள் கேட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்து கேட்டாள், "சூடு சரியா இருக்கா?"

"முப்பத்தாறுதான். உனக்குக் கம்மியாத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் காலை மட்டும் போட்டுக்கிட்டு உக்காரு, ஏறினதும் இறங்கலாம்."

என் வாயால் சொன்னேன். கையை வைத்துப் பார்க்கவில்லை. வலது கையில் கட்டு. இடது கை? இடது கைக்கு என்ன வந்தது? அதுவும் ஒரு கைதானே! எண் காட்டுகிறதே, மெக்கானிக்குக்கு எண்ணைவிட வேறென்ன வேண்டும்?

அவள் இரண்டு காலையும் முழங்காலுக்குக் கீழ்வரை விட்டாள். "இதமா இருக்கு" என்றாள். இதமாக இருக்கிறதாம். கடவுளே. நான் காபி போடப் போனேன். பால் பொங்கி அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றேன். எட்டு நிமிஷம் இருக்கும், பத்துகூட இருக்கலாம். விரலை நனைக்கலாம் என்று அவள் குனிந்து கையை விட்டிருக்கிறாள்.

அந்த அலறல். நான் ஓடினேன். "கொதிக்குதுங்க! கொதிக்குது!" என்று கையை உதறுகிறாள், ஆனால் கால் இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. கை சுடுவதுதான் அவளுக்குத் தெரிகிறது. கால் சுடுவது தெரியவில்லை. தூக்கி வெளியே போட்டேன். இரண்டு பாதமும் செக்கச் சிவந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் வெள்ளையாக உப்பி எழும்பியது. அவள் அதைப் பார்த்தாள். வலிக்கவில்லை அவளுக்கு. அதுதான் பயங்கரம். யாரோ ஒருத்தருடைய காலைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே கூப்பிடுகிறார்கள். போகிறேன்.

ஜூலை 19, சனி

டாக்டர் அம்மா கேட்டார், எப்படி ஆச்சு என்று. "மெஷின் கோளாறு. எண் தப்பாக் காட்டியிருக்கு" என்றேன். அந்த நேரத்தில் நான் அதைத்தான் நம்பினேன். சத்தியமாக நம்பினேன்.

அரை மணி கழித்து, நடைக் கூடத்தில் கண்ணைத் துடைக்கக் கைக்குட்டைக்காக, மூன்று நாளாக மாற்றாத சட்டையின் பையில் கையை விட்டேன். கையோடு வந்தது சிவப்பு நாடா.

புதன்கிழமை மச்சினன் குரல் வாசலில் கேட்டதும் நாடாவை அவிழ்த்துப் பையில் திணித்துக்கொண்டேன். கையில் ரிப்பன் கட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று கிண்டல் செய்வான் என்று. அதற்காக. அவ்வளவு சில்லறைக் காரணத்துக்காக. புதன்கிழமை இந்தப் புத்தகத்தில் நாடாவைப் பற்றி ஒரு பக்கம் பெருமை பீற்றிக்கொண்டேனே, அதை அவிழ்த்ததை எழுதவில்லை. அவிழ்த்தது அப்போதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். "நான் குடுத்த சனியன்தானே அத்தான் அக்கா காலைப் பொசுக்கிடுச்சு. பழைய சாமானைக் கொண்டுபோய்க் குடுத்தேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்."

நான் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

வீட்டுக்கு வந்து தகட்டைக் கழற்றினேன். ஒயர் அப்படியே இருந்தது. சூட்டை அளக்கிற கம்பியும் குழிக்குத் திரும்பவில்லை. துடைத்தவன் சொருக மறந்திருக்கிறேன். அது வெளியே தொங்கிக்கொண்டு, தகட்டுக்குள் இருந்த காற்றின் சூட்டைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கம்பி ஏமாந்தாலும் பாதுகாப்பு சுவிட்ச் நிறுத்தியிருக்கும். அதைத்தான் நான் ஊமையாக்கி வைத்திருந்தேனே.

தண்ணீர் ஐம்பதைத் தாண்டியிருக்க வேண்டும்.

ஒயரை எடுத்தேன். கம்பியைக் குழியில் சொருகினேன். இனி யார் வந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. இதை நான் செய்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

இடது கால் சுண்டுவிரல் கறுத்துக்கொண்டு வருகிறது. "சர்க்கரை இருக்கிறதால ஆறுமா, எடுக்கணுமான்னு ரெண்டு நாள் பார்க்கலாம்" என்றார் டாக்டர் அம்மா.

மச்சினன் தொட்டிக் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்திருக்கிறான். சனிக்கிழமை ஆள் வந்து பார்ப்பானாம். "விடமாட்டேன் அத்தான், கோர்ட் வரைக்கும் போவேன்" என்கிறான். சாப்பிடுவதே இல்லை போலிருக்கிறது. கன்னம் ஒட்டிவிட்டது.

இவனை எனக்குப் பிடிக்காது என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்.

ஜூலை 23, புதன்

சொல்ல வாயெடுத்தேன். நர்ஸ் கட்டு மாற்ற வந்துவிட்டாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. எப்படிப்பட்ட ஆள் நான்?

ஜூலை 24, வியாழன்

சொல்லிவிட்டேன்.

அவள் தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை இரண்டும் இறுகி மடியில் கிடந்தன. இங்கே வந்ததிலிருந்து அவற்றைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை.

"அந்த மெஷின் மேல தப்பில்ல" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள்.

"நான் ஒரு ஒயர் போட்டிருந்தேன். எடுக்க மறந்துட்டேன்."

"அதுக்கு நாடா கட்டுவீங்களே." முப்பது வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தினவள். அவளுக்குத் தெரியாதா?

"கட்டினேன். உன் தம்பி வந்தான். கழட்டிட்டேன்."

"ஏன்?"

"சிரிப்பான்னு."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமிக்கொண்டே இருந்தார்கள். பிறகு, குரலை உயர்த்தாமல், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்: "அவன் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். அது என் காலை விடப் பெருசாப் போச்சா உங்களுக்கு?"

"தப்புதான்."

"ஒயரை விடுங்க. ஒயர் எனக்குத் தெரியாது. சூடு சரியான்னு உங்களைத்தானே கேட்டேன்? நீங்க கையை வெச்சுப் பார்த்துட்டுச் சொல்றீங்கன்னு நெனச்சுத்தானே காலை விட்டேன்?"

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை.

நான் கிளம்பும்போது சொன்னாள், "தம்பிகிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

ஜூலை 25, வெள்ளி

லாட்ஜில் முன்மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். பின்னால் பலகையில் அறைச் சாவிகள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நாடா, ஒயர், கம்பி, ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் சரிசெய்து வைத்தது, எல்லாம். அவன் எழுந்து சாவிகளை நேராக்கிக்கொண்டே கேட்டான். ஏற்கெனவே நேராக இருந்த சாவிகளை.

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எட்டு நாளா நான் தூங்கல அத்தான்" என்றான். "நான்தான் அக்காவை முடமாக்கிட்டேன்னு. என் பொண்டாட்டிகிட்டகூட முகம் குடுத்துப் பேசல. நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. முதுகைத் தட்டிக் குடுத்தீங்க."

"தைரியம் வரலப்பா."

"தட்டிக் குடுக்க மட்டும் வந்துச்சா?"

யாரோ ஒரு விருந்தாளி வந்து சாவி கேட்டார். எடுத்துக் கொடுத்தான். அப்புறம் என் எதிரிலேயே கம்பெனிக்குப் போன் செய்து, ஆள் வர வேண்டாம், தப்பு எங்கள் பக்கம் என்று சொன்னான். 'எங்கள் பக்கம்' என்று சொன்னான். போனை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 30, புதன்

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். மற்றவை தப்பின.

ஆகஸ்ட் 6, புதன்

வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்த வீட்டுக்கு என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மச்சினன் வண்டி கொண்டுவந்திருந்தான். கீழ்த்தளத்தில் படி ஏறத் தேவையில்லாத ஒரு அறையை அவளுக்கென்று ஒழித்துவிட்டிருக்கிறான். மகளும் வந்திருந்தாள். என்னிடம் அம்மாவின் துணிப்பையை மட்டும் கொடுத்துத் தூக்கிவரச் சொன்னாள்.

வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவளிடம் குனிந்து, "எப்ப வர்றே?" என்று கேட்டேன்.

"அதைக் கேக்காதீங்க" என்றாள். கோபமில்லை குரலில். களைப்புத்தான். கோபமாவது இருந்தால் ஆறும்.

ஆகஸ்ட் 9, சனி

காபி இரண்டு டம்ளர் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

தொட்டியைப் பிரித்து எடுத்துப்போக ஆள் வந்தார்கள். அதில் ஒரு வயசானவர் தகட்டுக்குள் பார்த்துவிட்டு, "சீலு நல்லாப் போட்டிருக்காங்களே, யார் பார்த்தது?" என்றார். யாரோ ஒரு மெக்கானிக் என்றேன்.

பின்னறையில் தரை நாலு மூலைக்கும் வெளுத்து ஒரு சதுரமாகக் கிடக்கிறது. கதவைச் சாத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

லாட்ஜுக்குப் போனேன். அவள் தூங்குகிறாள் என்றார்கள். நடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். மச்சினன் என்னைக் கடந்து மூன்று தடவை போனான். மூன்றாவது தடவை மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்றும் போனேன். பேசினாள். கட்டு எப்படி இருக்கிறது, மகள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தாளா, அவ்வளவுதான். பொத்தானைத் தம்பி பெண்டாட்டி போட்டுவிடுகிறாளாம். தொட்டிக் குளியலெல்லாம் இனிமேல் கிடையாது, டாக்டர் உத்தரவு. பாதத்தில் சுடுதண்ணீரே படக்கூடாது. கையை மட்டும் ஒரு பேசினில் வைத்துக்கொள்ளலாம்.

"வெச்சுக்கிறியா?"

"இல்ல."

"ஏன்?"

"பயமா இருக்கு" என்றாள்.

கைக்குச் சூடு தெரியும் அவளுக்கு. கை மரக்கவில்லை. ஆனாலும் பயமாக இருக்கிறதாம். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே போய்விட்டேன், முதல்முறையாக. தம்பி பெண்டாட்டி பேசினில் சுடுதண்ணீர் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்து, "இன்னிக்காவது வெச்சுக்குங்க அண்ணி, விரல் கட்டை மாதிரி ஆயிடுச்சு பாருங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். இவள் இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் என்னைப் பார்த்தாள். திரும்பிப் போகச் சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"நீங்க வையுங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"உங்க கையை வையுங்க. ரெண்டும். நான் சொல்ற வரைக்கும் எடுக்கக்கூடாது."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் மணிக்கட்டுவரை விட்டேன். தையல் போட்ட தழும்பு சுரீர் என்றது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி பெண்டாட்டி என்ன செய்வதென்று தெரியாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு துண்டைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"எப்படி இருக்கு?"

"சூடு ஜாஸ்தி. இன்னும் ஆறணும்."

"எவ்வளவு நேரம்?"

"மூணு நிமிஷம் விடலாம்."

விட்டாள். என் கை உள்ளேயே இருந்தது. விரல்களை அசைத்து அசைத்துப் பார்த்தேன், அடியில் சூடு தங்கியிருக்கிறதா என்று. நான் வாழ்க்கையில் எந்த மெஷினையும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"இப்ப?"

"இப்ப வைக்கலாம்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

வலது கையை அக்குளிலிருந்து எடுத்தாள். விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டுவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி விட்டாள், கணு, மணிக்கட்டு. பிறகு இடது கை. பேசின் சின்னது, நாலு கைக்கு இடமில்லை. நான் எடுக்கப் போனேன். "இருக்கட்டும்" என்றாள்.

பதினைந்து நிமிஷம். அப்புறம் துடைத்துக்கொண்டு, சட்டையின் மேல் பொத்தானை அவளே போடப் பார்த்தாள். இரண்டு தடவை நழுவிற்று. நான் கையை நீட்டவில்லை. மூன்றாவது தடவை போட்டுவிட்டாள்.

கிளம்பும்போது வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன், உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்:

"நாளைக்கு ஆறு மணிக்கே வந்துடுங்க. ஏழுன்னா விரல் ரொம்ப இறுகிடுது."

முதல் பஸ் ஐந்து இருபதுக்காம். நிறுத்தத்தில் விசாரித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.